அடுப்படித் தொட்டியின் அடைப்பு: நீக்கும் முறையும் தடுக்கும் வழியும்

ஊருக்கு நீரைக் கொண்டு வருவது ஒரு பாதிப் பணி. பயன்பட்ட நீரைத் தீங்கின்றிப் போக்குவது மறு பாதிப் பணி. குழாயில் நீர் வரும் நாளை ஊரே கூடிக் கொண்டாடுகிறது. அந்த நீர் வீட்டைவிட்டு எவ்வழியே வெளியேறுகிறது என்பதை, வழி அடைபட்டு நாற்றம் எழும் வரை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது மிகச் சிறிய பொருள்: அடுப்படியில் பாத்திரம் துலக்கும் தொட்டியில் ஏற்படும் அடைப்பு. ‘சிங்க்’ என்று இன்று எல்லோரும் வழங்குவது இதனையே. பொருள் சிறிதாயினும் வீட்டின் சுகாதாரமும், அண்டை அயலாரின் நல்லுறவும், தெருவின் தூய்மையும் இதனைப் பொறுத்திருப்பதால் சற்று விரிவாகக் காண்போம்.

தருமபுரியின் நிலை

தருமபுரி மாவட்டம் பாறை மிகுந்த நிலம். இங்குள்ள நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததனால் பற்களில் கறை படிதலும் எலும்பு இறுகுதலும் நெடுங்காலமாகக் காணப்பட்டன. இதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2008-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு, 2013-ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது. காவிரியின் நீரைச் சுத்திகரித்து, மேட்டு நிலத்திலுள்ள ஊர்களுக்கு இயந்திர விசையால் ஏற்றிக் கொண்டுவந்த பெருமுயற்சி அது. பின்னர் 2019-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் இணைப்பு என்பதையும், நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பதையும் அளவாக வைத்தது.

ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு இக்கணக்கின்படி நாளொன்றுக்கு 275 லிட்டர் நீர் வரும். குடிக்கவும் சமைக்கவும் செலவானது போக, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 220 லிட்டர், கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் அளந்தால் இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 குடம். நூறு வீடுகள் உள்ள ஊரில் 1,500 குடம். தலையில் சுமந்து நீர் கொண்டுவந்த காலத்தில் இவ்வளவு நீர் புழங்கியதும் இல்லை, வெளியேறியதும் இல்லை. முற்றத்து ஜலதாரை வழியாகக் கொல்லைக்கு ஓடிய சிறு நீரோடு காரியம் முடிந்தது. இன்றோ சமையலறைக்குள் எஃகுத் தொட்டியும், அதன் கீழே ஒன்றரை அங்குலக் குழாயும் வந்துவிட்டன. அக்குழாய்க்குப் பழைய பழக்கங்கள் ஒவ்வாதவை என்பதே அடைப்பின் முதற்காரணம்.

அடைப்பு எவ்வாறு உண்டாகிறது?

அடைப்பு ஒரே நாளில் வருவதன்று. நெய், தேங்காயெண்ணெய், ஆட்டுக் கொழுப்பு போன்றவை சூடாக இருக்கும்போது நீர்போல் ஓடும். குளிர்ந்ததும் குழாயின் உட்சுவரில் படியும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திற்குக் கீழே உறையும் இயல்புடையது. மார்கழி, தை மாதங்களில் தருமபுரியின் இரவுக் குளிருக்கு இது போதுமானது. இவ்வாறு படிந்த பிசுக்கின்மேல் சோற்றுப் பருக்கையும், கேழ்வரகுக் களியின் காந்தலும், மாவும் ஒட்டிக்கொள்ளும். வெந்த மாவுப் பொருள் நீரில் ஊறிப் பருத்துப் பசையாகும் தன்மையுடையது.

மூன்றாவது காரணம் நமது கிணற்று நீரின் கடினத்தன்மை. குடிக்கக் காவிரி நீர், புழங்கக் கிணற்று நீர் அல்லது ஆழ்துளைக் கிணற்று நீர் என்ற பழக்கம் பல வீடுகளில் உண்டு. கடின நீரில் சுண்ணாம்பின் உப்பும் மக்னீசிய உப்பும் கரைந்துள்ளன. சோப்போடு இவை சேரும்பொழுது நுரை எழுவதற்குப் பதிலாக வெண்ணிறத் திப்பி திரள்கிறது. துணி துவைக்கும் கல்லின்மேல் படியும் சாம்பல் நிற அழுக்கு இதுவே. நீரில் கரையாத இத்திப்பி குழாயினுள்ளும் படிந்து, எண்ணெயையும் மாவையும் ஒன்றாக இறுக்குகிறது. பாத்திரம் துலக்கப் பயன்படுத்தும் சாம்பலும் மணலும் கனமானவை ஆகையால் குழாயின் வளைவில் தங்கிவிடுகின்றன. தேங்காய் நாரின் இழைகளும் தலைமயிரும் இவற்றைக் கயிறுபோல் பிணைத்துவிடுகின்றன.

வீட்டுக் குழாயில் நிகழும் இதே செயல் பெருநகரங்களின் சாக்கடைகளிலும் நிகழ்கிறது. இலண்டன் மாநகரில் வைட்சாப்பல் என்னும் பகுதியின் சாக்கடையில், எண்ணெயும் கழிவும் இறுகிய அடைப்பு ஒன்று 2017-ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர்; எடை 130 டன். அதனை வெட்டி அகற்ற வாரக்கணக்கில் ஆட்கள் உழைக்க வேண்டியிருந்தது. வாணலியிலிருந்து ஊற்றப்படும் ஒரு கரண்டி எண்ணெயில் தொடங்குவதே இவ்வளவும்.

முதலில் அடைப்பு எங்கே என்று அறிக

நோயின் இடம் அறியாமல் மருந்திடுதல் வீண். தொட்டியில் நீர் தேங்கியதும் வீட்டின் வெளியே சென்று, குழாய் முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்குள்ள சிறு தொட்டியோ குழியோ நிரம்பி நின்றால், குற்றம் வெளியே உள்ளது. உள்ளே எவ்வளவு பாடுபட்டாலும் பயனில்லை. வெளிமுனை வறண்டிருந்தால் அடைப்பு இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ளது. அதிலும் நீர் சிறிதும் இறங்காமல் நின்றால் அடைப்பு பெரும்பாலும் தொட்டிக்கு அருகிலேயே இருக்கும். சற்று நேரம் நன்றாக இறங்கிப் பின்னர் எதிர்த்து ஏறினால், தொலைவில் இருக்கும் என்று கொள்ளலாம்.

நீக்கும் முறை

தேவையான பொருள்கள் சிலவே: ஒரு வாளி, பழந்துணி, கைப்பிடி கொண்ட ரப்பர்க் கிண்ணம் (கடைகளில் பிளஞ்சர் என்று கேட்டால் கிடைக்கும்), ரப்பர்க் கையுறை, மிதிவண்டியின் பழைய பிரேக் கம்பி. இவற்றைக் கொண்டு கீழ்க்காணும் வரிசையில் செய்தல் வேண்டும்.

ஒன்று: தொட்டியின் வாய்ச் சல்லடையை எடுத்து, அதன்கீழ் தங்கியுள்ள பருக்கையையும் நாரையும் கையால் அகற்றுக. பாதி அடைப்புகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டு: நீர் மெதுவாக இறங்குமளவு வழி இருந்தால், சூடான நீரில் சிறிது சோப்புத்தூள் கரைத்து மெல்ல ஊற்றுக. கொதிக்கும் நீர் கூடாது. நம் வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் பி.வி.சி. குழாய்களே. 60 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அவை வலுவிழக்கத் தொடங்கும். கொதிநீர் பட்டால் இளகி, இணைப்புகள் தளர்ந்து கசியும்.

மூன்று: நீர் இறங்காவிடில் ரப்பர்க் கிண்ணத்தைக் கையாள வேண்டும். கிண்ணத்தின் விளிம்பு மூழ்குமளவு தொட்டியில் நீர் நிற்பது அவசியம். காற்றை அழுத்துவதைவிட நீரை அழுத்துவது வலிமையுடையது. தொட்டியின் மேற்புறத்தில் நிரம்பிய நீர் வழிய ஒரு துளை இருப்பின் ஈரத்துணியால் அதனை அடைக்க. பின்னர் கிண்ணத்தை வாயின்மேல் பொருத்தி, பதினைந்து இருபது முறை அழுத்தியும் இழுத்தும் இயக்குக. அழுத்துவதைப் போலவே இழுப்பதும் முக்கியம். இரு புறமும் அசைக்கப்படும் அடைப்பே தளர்ந்து உடையும்.

நான்கு: இதற்கும் அசையாவிடில் தொட்டியின் கீழுள்ள வளைவுக் குழாயைக் கழற்ற வேண்டும். இவ்வளைவில் எந்நேரமும் சிறிது நீர் நிற்கும். அது குறையன்று. வெளிச் சாக்கடையின் நாற்றமும் பூச்சிகளும் வீட்டினுள் ஏறாதபடி தடுக்கும் நீர்த்தடை அதுவே. இலண்டனில் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரக் கலைஞர் 1775-ஆம் ஆண்டில் கழிப்பிடத்திற்காகக் காப்புரிமை பெற்ற வளைகுழாயின் தத்துவமே இன்றும் உலகெங்கும் நிலவுகிறது. கீழே வாளியை வைத்து, வளைவின் இருபுறத்து மரைகளையும் கையாலேயே திருகிக் கழற்றலாம். உள்ளிருக்கும் சேற்றை வாளியில் கொட்டி, குச்சியில் சுற்றிய துணியால் துடைத்துக் கழுவுக. கழற்றும்போது வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கவனித்து, அதே வரிசையில் மீண்டும் பொருத்த வேண்டும். மடிப்பு மடிப்பான நெகிழ்குழாய் மட்டும் பொருத்தியுள்ள வீடுகளில் ஒவ்வொரு மடிப்பிலும் பிசுக்கு தங்கும். அத்தகைய குழாய் அடிக்கடி அடைபடுமாயின், வழவழப்பான குழாயும் முறையான வளைவும் பொருத்துவதே சிக்கனம்.

ஐந்து: வளைவில் அடைப்பு இல்லையெனில் அது சுவரினுள் செல்லும் குழாயில் உள்ளது. மிதிவண்டியின் பிரேக் கம்பியை எடுத்து, முனையின் இழைகளைச் சிறிது விரித்துவிட்டு, திருகிக்கொண்டே உள்ளே செலுத்துக. தடை தென்பட்டதும் முன்னும் பின்னும் அசைத்து வெளியே இழுக்க. முரட்டுத்தனமாகக் குத்தினால் அடைப்பு மேலும் இறுகும், குழாயும் உடையக்கூடும். கம்பி எட்டவில்லையெனில் வெளிமுனையிலிருந்தும் இவ்வாறே செய்யலாம்.

ஆறு: எல்லாம் பொருத்தியபின் தொட்டி நிறைய நீர் பிடித்து ஒருசேரத் திறந்துவிடுக. நீரின் வேகம் எஞ்சிய துகள்களைத் தள்ளிச் செல்லும். இணைப்புகளின்கீழ் உலர்ந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தால் கசிவு இருப்பது தெரிந்துவிடும்.

இவை அனைத்தையும் செய்தும் நீர் இறங்காவிடில்தான் குழாய் வேலை தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

செய்யத் தகாதவை

சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் அடைப்பு கரையும் என்ற எண்ணம் பரவியுள்ளது. இரண்டும் கலந்தவுடன் நுரை பொங்குவது உண்மையே. ஆனால் ஒன்று காரம், மற்றொன்று அமிலம் ஆதலின் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, எஞ்சுவது சிறிது உப்பு கரைந்த நீரே. இறுகிய கொழுப்பை அது கரைப்பதில்லை. கேடு இல்லை, பயனும் மிகக் குறைவு.

கேடு விளைப்பவை வேறு. கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் தூள்களிற் பலவற்றில் காஸ்டிக் சோடா உள்ளது. அது கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைக்கிறது. ஆனால் நீரோடு சேரும்பொழுது கடும் வெப்பம் எழுந்து தெறிக்கும். தோலையும் கண்ணையும் அரிக்கும். அலுமினியத்தோடு சேர்ந்தால் தீப்பற்றும் வாயுவை உண்டாக்கும். அன்றியும், நமது கடின நீரில் அச்சோப்பு மீண்டும் திப்பியாகத் திரண்டு அப்பால் படிவதும் உண்டு. தூளை ஊற்றிவிட்டு ரப்பர்க் கிண்ணத்தால் அழுத்துவது மிகவும் ஆபத்து. காரநீர் முகத்தில் தெறிக்கும். தூள் போட்டது தெரியாமல் பிறர் குழாயைக் கழற்றுவதும் அத்தகையதே. ஆதலின் குழாய் வேலைக்கு வருபவரிடம் இதனை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கழிப்பறைக்கு உபயோகிக்கும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றலாகாது. அவற்றிலிருந்து எழும் குளோரின் வாயு மூச்சைத் தாக்கி உயிருக்கே ஊறு செய்யும். இவ்வகைப் பொருள்களைக் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைப்பதும் கூடாது. குழந்தைகள் தண்ணீர் என்று எண்ணிக் குடித்துவிட நேரும். காரமோ அமிலமோ கண்ணில் பட்டால், தாமதமின்றி ஓடும் நீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவியபின் மருத்துவமனைக்குச் செல்க. விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்கச் செய்யாமல், 108 ஊர்தியை உடனே அழைக்க வேண்டும்.

கழுநீர்ப் பானையின் அறிவு

அடைப்பை நீக்குவதினும் வாராமற் காப்பதே மேல். இதற்குப் புதிய சாதனம் ஒன்றும் வேண்டுவதில்லை. நம் முன்னோர் அடுப்படியில் கழுநீர்ப் பானை ஒன்று வைத்திருந்தனர். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, மிஞ்சிய களி, காய்கறித் தோல் யாவும் அதில் சேர்ந்து மாட்டுத் தொட்டிக்குச் சென்றன. அடுப்புச் சாம்பலும் எச்சிலும் குப்பைக் குழிக்குச் சென்று எருவாயின. ஜலதாரையில் சென்றது வெறும் நீரே. தொட்டி வந்தபின், பானைக்கும் குழிக்கும் உரியவை யாவும் குழாய்க்குள் இறங்கத் தொடங்கின. மாட்டின் தீனியையும் நிலத்தின் எருவையும் குழாயில் அடைத்துவிட்டு, அடைப்பை நீக்கப் பணமும் செலவிடுகிறோம்.

ஆதலின் தொட்டியின் அருகே கழுநீர்ப் பானை மீண்டும் இடம்பெறல் வேண்டும். மாடு இல்லாத வீட்டார் மாடு உள்ள வீட்டாருக்கு அளிக்கலாம். களிச் சட்டியை உடனே துலக்காமல் நீரூற்றி ஊறவைத்து, காந்தலைச் சுரண்டிப் பானையில் இட்டபின் துலக்குக. எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் பழங்காகிதத்தாலோ வாழைச் சருகாலோ துடைத்துவிட்டுப் பிறகு கழுவுக. பொரித்த எண்ணெய் ஒரு துளியும் தொட்டியில் ஊற்றலாகாது. சாம்பலும் மணலும் இட்டுத் துலக்குவோர் அவ்வேலையைத் தொட்டியில் செய்யாமல் வெளியே கல்மேல் செய்வது நன்று. தொட்டியின் வாயில் நெருங்கிய கண்ணுள்ள சல்லடை ஒன்று இருத்தல் வேண்டும்.

புதிதாக வீடு கட்டுவோர் மேஸ்திரியிடம் இரண்டைக் கேட்டறிக. குழாய் இரண்டு அங்குலத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஓர் அடி நீளத்திற்குக் கால் அங்குலம் சரிவு இருத்தல் வேண்டும்; எட்டு அடிக்கு இரண்டு அங்குலம் என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். சுவர் பூசிய பிறகு இதனைத் திருத்துவது அரிது.

வெளிமுனையும் ஊராட்சியின் கடமையும்

உள்ளே வழி திறந்துவிட்டால் மட்டும் போதாது. வெளியே நீர் தேங்கி நிற்கும் இடத்தில் கியூலெக்ஸ் கொசு பெருகும். யானைக்கால் நோயைப் பரப்பும் இனம் அது. முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரமோ பத்து நாளோ போதும். தெருவில் விடப்படும் அடுப்படி நீரால் அடுத்த வீட்டாரோடு மூளும் பகை நாம் அறியாததன்று.

குழாயின் வெளிமுனையில் ஓர் அடிச் சதுரத்தில் செங்கல் தொட்டி ஒன்று கட்டி மூடியிட வேண்டும். மணல் அடியில் படியும். பிசுக்கு மேலே மிதக்கும். நடுநீர் மட்டும் வெளியேறுமாறு குழாயை வளைத்து வைக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிசுக்கையும் வண்டலையும் அள்ளிக் குப்பைக் குழியில் இடலாம். அங்கிருந்து செல்லும் நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் சேம்பிற்கும் பாய்ச்சுக. சோப்பின் உவர் ஓரிடத்தில் சேராதபடி பாத்தியை மாற்றிக்கொள்வது நலம்.

கொல்லை இல்லாத வீட்டிற்கு உறிஞ்சுகுழி ஏற்றது. நான்கடி நீளம், அகலம், ஆழம் கொண்ட குழியில் அடியில் பெருங்கல்லும் மேலே செல்லச் செல்லச் சிறுகல்லும் இட்டு மூடுவது எளிய வகை. மகாராஷ்டிரத்தின் நாந்தேடு மாவட்டத்துக் கிராமங்களில், நடுவே துளையிட்ட தொட்டி ஒன்றை வைத்துச் சுற்றிலும் கல் நிரப்பிய குழிகளை வீட்டுக்கு வீடு அமைத்துத் தெருச் சாக்கடையைத் தவிர்த்தனர். குடிநீர்க் கிணற்றிலிருந்து குழி குறைந்தது 30 அடி தள்ளி இருத்தல் வேண்டும். 50 அடியானால் மிக நன்று. தருமபுரியில் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. சிறிது ஆழத்திலேயே பாறை தட்டும் இடங்களில் குழி நீரை உறிஞ்சாது. ஆதலின் முதலில் ஓரடிப் பள்ளம் பறித்து நீரூற்றிப் பார்த்து, நீர் விரைவில் வடியும் இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். வடியாத இடங்களில் பல வீட்டு நீரையும் வாய்க்காலில் சேர்த்துப் பொதுத் தோட்டத்திற்குக் கொண்டுசெல்லலாம்.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், வடிகால் கட்டுவதையும் வீட்டுக் கழிவுநீரை அகற்றுவதையும் கிராம ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. ஆயினும் வாய்க்காலில் களியும் சாம்பலும் எண்ணெயும் வருமாயின் எந்த ஊராட்சியாலும் அதனைத் துப்புரவாக வைத்திருக்க இயலாது. அதனுள் இறங்கிச் சேற்றை அள்ளுபவரும் நம்மைப் போன்ற மனிதரே என்பதை மறத்தலாகாது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-இல் கூடும் கிராம சபையில், நீர் வரவைப் பற்றிப் பேசுவதோடு நீரின் போக்கைப் பற்றியும் பேசுதல் வேண்டும். எந்தெந்த வீட்டின் குழாய் எங்கே முடிகிறது என்று வார்டு தோறும் ஒரு பட்டியல் எடுத்தால், எங்கே தோட்டம், எங்கே குழி, எங்கே வாய்க்கால் என்பது தானே விளங்கும்.

ஊராட்சியின் பணி குழாயின் வெளிமுனையில் தொடங்குகிறது. அதற்கு முற்பட்டது நம் ஒவ்வொருவர் அடுப்படியின் பணி. ரப்பர்க் கிண்ணம், பழங்கம்பி, சல்லடை, கழுநீர்ப் பானை ஆகிய நான்கும் எல்லார் வீட்டிற்கும் எட்டக்கூடியவையே. வீட்டின் ஆடவரும் பெண்டிரும் இப்பணியைப் பகிர்ந்து செய்வார்களாயின், அடைப்பு அரிதாகும். நேர்ந்தாலும் அரைமணி நேரத்தில் தீரும். வெகுதூரம் கடந்து நம் வீடு தேடி வரும் காவிரி நீர், தன் வேலையை முடித்துக்கொண்டு வாழையடியில் சென்று சேரட்டும்.